அடுக்கிலே பாருங்கள்

தைப்பூசத் தேருக்கு வடம்பிடிக்கத் திரண்டு வருகிற எங்கள் திருவிடைமருதூர் ஜனங்களிடம், சாயமேற்றிய நரம்பணு ஒன்றின் முப்பரிமாணப் படத்தைக் காட்டினால், "அது டாக்டருக்குப் படிக்கிறவர்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. கோபுரத்தின் சுதை வேலையை அண்ணாந்து பார்த்து ரசிக்கத் தெரிந்த கண்ணுக்கு இதை ரசிக்கவும் தெரியும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1873-ல் இத்தாலியரான கோல்ஜி, வெள்ளி உப்பினால் ஒரு சில நரம்பணுக்களை மட்டும் முழு உருவத்தோடு கறுப்பாகத் தெரியச் செய்தார். அந்த முறையைக் கையாண்டு ஸ்பெயினின் காஹால் அபூர்வமான சித்திரங்கள் வரைந்தார். 1906-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு 1957-ல் மின்ஸ்கி என்பவர் காப்புரிமை கோரிய கான்ஃபோகல் நுண்ணோக்கி, 1980-களில் லேசரோடு சேர்ந்து ஆய்வுக்கூடங்களில் பரவியது. லேசர் புள்ளிபுள்ளியாக ஒளிரச் செய்ய, ஓர் ஊசித்துளை மேலிருந்தும் கீழிருந்தும் வருகிற மங்கல் ஒளியைத் தடுத்துவிட, ஒரே ஒரு தளம் மாத்திரம் துலக்கமாக நிற்கிறது. தளத்துக்குத் தளம் இறங்கிக்கொண்டே போனால் படங்களின் அடுக்கு ஒன்று கிடைக்கும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அடுக்கு வேறு, அமுக்கிய படம் வேறு. பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் அமுக்கிய படமே: ஒவ்வோர் இடத்திலும் எல்லாத் தளங்களுக்குள்ளும் மிகப் பிரகாசமான புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, ஆழம் முழுவதையும் ஒரே தகட்டில் இறக்கிவிடுகிறார்கள். கும்பகோணம் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்க்கையில் மூன்று தனித்தனித் தென்னந்தோப்புகள் ஒரே தோப்பாய்த் தோன்றுவதைப்போல, பல மைக்ரான் இடைவெளி விட்டுப் போகிற இரண்டு நார்கள் அந்தப் படத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். கிளையின் பக்கவாட்டில் அரும்பிய நுண்முட்கள் தெரியும். நம்மை நோக்கி நீளும் முட்களோ கிளையின் பிரகாசத்திலேயே மறைந்து போகும். இரண்டு அணுக்கள் உண்மையிலேயே சந்திக்கின்றனவா என்பதுதான் நரம்பியலின் பிராணப்பிரச்னை என்றிருக்க, சந்திக்காததைச் சந்தித்ததாகக் காட்டுகிற படத்தைப் பார்த்துப் பரவசப்படுவது என்ன ரசனை?

2007-ல் ஹார்வர்டிலிருந்து 'பிரெயின்போ' என்ற நிறமேற்றும் முறை வந்தபிறகு, வானவில் நிறத்தில் ஜொலிக்கும் நரம்பணுக்களைச் சுவரில் மாட்டுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. அண்டை அணுக்களைப் பிரித்தறியவே அந்த நிறங்கள் படைக்கப்பட்டன. எந்தக் கிளை எந்த அணுவைச் சேர்ந்தது என்று ஒருமுறையாவது தொடர்ந்து பார்க்காமல் நிறத்தை மட்டும் மெச்சுவது மேலோட்டமான ரசனையே. இதற்கு நேரெதிராக, "நிறமெல்லாம் கம்ப்யூட்டர் பூசியது, ஆகவே பொய்" என்று உதட்டைப் பிதுக்கும் விமர்சகர்களும் இருக்கிறார்கள். கருவி அளப்பது ஒளியின் அளவைத்தான், நிறம் பின்னால் சேர்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உருவம் அளந்து அறியப்பட்டது என்பதை அவர்கள் யோசிப்பதே இல்லை.

பழகிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நம் ராஜ்யத்திலேயே வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' தொகுப்பில், ஐந்து சிசுக்கருக்களின் மூளைகளில் எடுத்த 5,132 வெட்டுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அது லேசரின் வேலை அல்ல. அங்கே கத்தி வெட்டியது. ஆயினும் வெட்டுக்கு வெட்டு ஓர் உறுப்பைப் பின்தொடரும் பழக்கம் அதிலேயே கைகூடிவிடும். அதன்பின் லேசர் அடுக்குக்கு வாருங்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எந்த அடுக்கு கிடைத்தாலும் நான் அடித்தளத்திலிருந்தே தொடங்குவேன். அங்கே இருட்டில் தூவியதுபோல் சில ஒளிப்பொட்டுகள் மட்டுமே தெரியும். மேலே வரவர அவை நீண்டு கிளையாகி, கிளைகள் கூடி அணுவின் உடலில் போய்ச் சேரும். ஆழத்தின் திசையில் கருவியின் கூர்மை குறைவாதலால் உருண்டைகூடச் சற்று நீண்டுதான் தெரியும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாரைத் தேர்ந்துகொண்டு, அது எந்தத் தளத்தில் தலைகாட்டி எந்தத் தளத்தில் மறைகிறது என்று மட்டும் முதல் நாள் பாருங்கள். முழுப் படத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.