சோர்பாவின் பெயர்ப்பலகைக்குக் கீழே

‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ (2002) படத்தைக் கல்யாணக் கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஓர் உணவகத்தின் கதை. சிகாகோவில் போர்ட்டோகலோஸ் குடும்பம் நடத்தும் அந்தக் கிரேக்க உணவகத்தின் பெயர் ‘டான்சிங் சோர்பாஸ்’. வருகிறவர்களை வரவேற்று இருக்கை காட்டுவது முப்பது வயது மகள் டூலாவின் வேலை. பொழுது விடியும் முன்பே, கொட்டும் மழையில், அப்பாவோடு காரில் கடைக்குப் போகிறாள். அவளுக்கு வயது கூடித் தெரிகிறது, கல்யாணம் ஆகவேண்டும் என்பதுதான் வழியில் அப்பா பேசும் பேச்சு.

பல இனத்தார் வாழும் நகரத்தில் ஒரு சமூகத்தை மற்றவர்கள் பெரும்பாலும் அதன் உணவகத்தில்தான் முதலில் சந்திக்கிறார்கள். சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருக் கிரேக்க உணவகங்களில், மேசைக்கு வரும் பாலாடைக்கட்டியில் தீமூட்டி ‘ஓப்பா!’ என்று கூவுவது வழக்கம். வாடிக்கையாளர் இந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்கிறார். இதற்காக ஒரு பெண் எத்தனை மணி நேரம் நின்றாள் என்பது பில்லில் வருவதில்லை. குடும்ப உணவகத்தில் மகளின் உழைப்புக்குப் பாசம் என்று பெயர். அதனால்தான் வேலையை விடுவதும் வீட்டை விடுவதும் ஒன்றாகிவிடுகின்றன. கணினி படிக்கக் கல்லூரிக்குப் போகிறேன் என்று டூலா சொன்னதும், ஏன் என்னை விட்டுப் போகிறாய் என்று அப்பா அழுகிறார். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அவர் இழப்பது மகளை மட்டுமல்ல, கடைக்கு ஓர் ஆளையும்தான்.

கதையை எழுதி நடித்த நியா வர்டாலோஸ், கனடாவின் கிரேக்கக் குடும்பத்துப் பெண். முதலில் தனிநபர் மேடை நிகழ்வாக இதை நடித்தவர். டூலாவின் களைப்பை அறிந்தே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் காட்டும் விடுதலை எப்படிப்பட்டது? படிப்பையும் ஒப்பனையையும் படம் ஒரே மூச்சில் காட்டுகிறது. ஆண் தலை என்றால் பெண் கழுத்து, தலையை வேண்டிய பக்கம் திருப்ப அவளால் முடியும் என்கிறாள் அம்மா மரியா. பிறகு அம்மாவும் உறவுக்காரி வூலாவும் டூலாவும் சேர்ந்து, அவளைப் பயண ஏஜென்சி வேலைக்கு அனுப்பலாம் என்ற யோசனை அப்பாவுக்கே தோன்றியதுபோல ஒரு நாடகம் ஆடுகிறார்கள்.

படத்தைப் பார்த்த என் மாணவிகள் அதிகம் சிரித்தது இந்தக் காட்சிக்குத்தான். நம் வீடுகளில் இதைச் சாமர்த்தியம் என்போம். படமும் அதைப் பெண்ணின் பலமாகக் கொண்டாடுகிறது. என்னால் முடியவில்லை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி வேலை மாறுவதற்கு மூன்று பெண்கள் நடிக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை தலையிடமே இருக்கிறது. கழுத்துக்கு மிஞ்சுவது வலி.

இனி அந்தப் பெயர்ப்பலகை. உலகின் பல நகரங்களில் கிரேக்க உணவகங்கள் சோர்பாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நிகோஸ் கசான்ட்சாகிஸின் நாவலை மைக்கேல் ககோயானிஸ் 1964இல் ‘சோர்பா த கிரீக்’ என்று படமாக்கினார். முடிவில் கடற்கரையில் இரண்டு ஆண்கள் ஆடும் சிர்டாக்கி நடனம் அந்தப் படத்துக்காகவே அமைக்கப்பட்டது. இன்று அதுவே கிரேக்கத்தின் அடையாளமாகிவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் சாகிறார்கள். ஒருத்தி, ஐரீன் பப்பாஸ் நடித்த இளம் கைம்பெண். அவள்மேல் ஆசைப்பட்ட இளைஞன் தற்கொலை செய்துகொண்டதற்காக, ஊர் சுற்றி நிற்க அவள் கொல்லப்படுகிறாள். இன்னொருத்தி மேடம் ஹார்ட்டன்ஸ், அந்த ஊரில் விடுதி நடத்திய வெளிநாட்டுக்காரி. அவள் உயிர் பிரியக் காத்திருந்து, ஊரார் விடுதியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். சூறையாடும் கைகளில் பெண்களின் கைகளும் உண்டு.

உணவகங்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. வந்தவர்களுக்கு இடமும் உணவும் தந்தவள் ஹார்ட்டன்ஸ். பலகையில் இருப்பது அவளிடம் தங்கிய சோர்பாவின் பெயர். அந்தப் பலகைக்குக் கீழேதான் டூலா நிற்கிறாள். ‘டான்சிங் சோர்பாஸ்’ என்ற பெயரைப் படம் ஒரு வேடிக்கையாகவே கடந்துபோகிறது.

டூலாவுக்கு ஒரு நல்ல கணவன் கிடைக்கிறான். அப்பா தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கித் தருகிறார். மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் கடை மறுநாளும் விடியுமுன் திறந்தாக வேண்டும். அவள் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறாள் என்ற கேள்வியோடு இந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள்.