நகர் வருணனையும் வழிநடையும்

மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்வோர் முதற்கண் ஒரு பெருநகரில் வந்து இறங்குகின்றனர். பின்னர் எழுதும் நூலில் அந்நகரை எவ்வளவு சொல்லலாம், எதன் பொருட்டுச் சொல்லலாம் என்பது ஆராயத்தக்கது. பயண நூல்கள் பலவற்றில் மாளிகைகளும் கடைத்தெருக்களும் சந்தடியுமே முற்பகுதியை நிறைக்கின்றன. வண்டி புறப்படுமுன் படிப்பவர் களைத்துவிடுகின்றனர்.

பழந்தமிழ்ப் புலவர் இதற்கு ஓர் அளவுகோல் தந்துள்ளனர். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பெற்றவர் பெறாதவர்க்கு வழி காட்டுவதே அவற்றின் இயல்பு. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, புனங்காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை ஆகியவற்றைக் கூத்தர்க்கு முன்னரே உணர்த்துகிறது. நன்னனது ஊரின் சிறப்பும் அதில் உண்டு. வழி நடப்போர்க்கு ஊக்கம் தரும் சேரிடமாகவே அது நிற்கிறது.

மதுரைக்காஞ்சி நகரை விரித்துப் பாடவில்லையா என்று சிலர் வினவலாம். நாளங்காடியும் அல்லங்காடியும் அதில் விரிந்து கிடப்பது உண்மையே. ஆயினும் மாங்குடி மருதனார், நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்தும் பாட்டினுள் அவற்றை வைத்தார். அங்கும் வருணனை வேறொரு கருத்துக்குத் துணையாயிற்று.

வங்காளத்து இராமநாத் பிசுவாஸ் 1931 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியில் உலகம் சுற்றப் புறப்பட்டார். இரண்டு போர்வை, ஒரு சோடிச் செருப்பு, வண்டி செப்பனிடும் கருவிகள் என்று அவர் மூட்டை சிறியதாகவே இருந்தது. எல்லாம் விற்கும் நகரில் இவை போதும் என்று தேர்ந்தது வழியை எண்ணியே அன்றோ? நூல் எழுதுவோரும் நகரில் கண்டவற்றுள் வழிக்கு வேண்டுவனவற்றையே எடுத்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் இறங்கி, ஜொகூர்ப் பாலம் கடந்து, மேற்குக் கரைச் சாலையில் மலாக்காவுக்குச் செல்வோர் பொந்தியான், பத்து பாகாட், மூவார் ஆகிய ஊர்களைக் காண்பர். ‘கொத்திய கல்’ என்று பொருள்படும் பெயருடைய பத்து பாகாட்டை ஒரு வரியில் கடந்து, சிங்கப்பூர்க் கட்டடங்களுக்குப் பல பக்கம் ஒதுக்கும் நூல் யாருக்கு வழிகாட்டும்? இடையில் வாழும் மக்கள் அந்நூலில் இல்லாதவராகி விடுகின்றனர். வெயிலுக்கு ஒதுங்கும் நிழல், சக்கரம் திருத்தும் கடை, தண்ணீர் தந்த வீடு ஆகியவையும் அவர்களோடு மறைகின்றன.

மாணவர்க்குப் பயணக் கட்டுரை பயிற்றும் தமிழாசிரியர் இதனைக் கருத வேண்டும். கட்டுரையைத் திருத்துங்கால் அடைமொழிகளை எண்ணி மதிப்பெண் இடாமல், நாளை அவ்வழி செல்வோனுக்கு அது எதைச் சொல்கிறது என்று பார்ப்பது நலம்.