தேனடை ரேடியேட்டர்
1901-இல் வந்த மெர்சிடிஸ் 35 எச்.பி. காரின் மூக்கில்தான் அதை வடிவமைத்த வில்ஹெல்ம் மேபாக்கின் கைத்திறன் முழுதாகத் தெரியும். ஆறு மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள்; தேனடை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. குழாய்க்குள் ஓடுவது தண்ணீர் என்றுதான் தோன்றும். இல்லை, காற்று! தண்ணீர் குழாய்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் மெல்லிய படலமாக இறங்குகிறது. அதனால் என்ஜினைக் குளிர்விக்க ஒன்பது லிட்டரே போதும். பென்ஸின் முதல் வண்டியிலோ தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் ஊற்றியாக வேண்டும்.

விமானத்தில் கணக்கே வேறு. காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும் எதுவும் வேகத்தைத் தின்னும். 1931-இல் பறந்த சூப்பர்மரீன் எஸ்.6பி பந்தய விமானத்தில் இறக்கையின் தோலே ரேடியேட்டர்: இரண்டு உலோகத் தகடுகள், நடுவே தண்ணீர். மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டியது. இதைவிட அழகான தீர்வை நான் அறியேன். ஆனால் போருக்கு ஆகாது, ஒரு தோட்டா துளைத்தால் எல்லாம் ஒழுகிவிடும்.

ஸ்பிட்ஃபயர் போர் விமானம் அதனால்தான் பழையபடி தனி ரேடியேட்டருக்குத் திரும்பியது, ஆனால் இறக்கைக்கு அடியில், ஒரு கூண்டுக்குள். அங்கே சூடேறிய காற்று பின்பக்கம் விரைந்து வெளியேறி, இழந்த வேகத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தது.