உயரம் ஒருவரிடம், இருட்டு இன்னொருவரிடம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே 80 கிலோமீட்டர் போல் போனால், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூலூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் திரும்பும் ஊர் என்று சொன்னால்தான் முன்பு பலருக்குப் புரியும். 2019-இல் அங்கே ‘வி எபிக்’ தியேட்டர் வந்தது. திரையின் அகலம் சுமார் 100 அடி. அன்றிலிருந்து பெரிய படம் எது வந்தாலும் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் காரைக் கிளப்பிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ‘எபிக்’ என்ற அந்தத் திரை ஏற்பாட்டை உருவாக்கிய க்யூப் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது.

ஐமேக்ஸ், டால்பி சினிமா, எபிக், பிஎக்ஸ்எல் என்று டிக்கெட்டில் இன்று பல பட்டங்கள். கூடுதல் காசு எல்லாவற்றுக்கும் உண்டு. கிடைப்பது மட்டும் ஒன்றல்ல. படத்தில் அளவு, வெளிச்சம், கறுப்பு என மூன்றைப் பார்க்க வேண்டும். ஒலியில் வலிமை, இடம் என இரண்டைக் கேட்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரே அளவில் தரும் தியேட்டர் எங்கும் கிடையாது. அதனால் எது உசத்தி என்ற பட்டிமன்றத்தை விட, எந்தப் படத்துக்கு எது என்ற கேள்விதான் ரசிகனுக்குப் பயன்படும்.

ஐமேக்ஸின் பலம் உயரம். 1970-இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் ‘டைகர் சைல்ட்’ படத்தோடு அதை அறிமுகப்படுத்திய கனடாக்காரர்கள், 70 எம்எம் ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டினார்கள். செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்த ஃபிலிம் பக்கவாட்டில் ஓடியதும் ஒரு ஃப்ரேமுக்கு 15 துளை நீளம் கிடைத்தது. வழக்கமான 35 எம்எம் ஃப்ரேமைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்குப் பரப்பு. அவ்வளவு விவரம் இருப்பதால்தான் ஆறேழு மாடி உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் படம் கலங்குவதில்லை.

அந்த உயரம் என்ன செய்யும் என்பதற்கு பிராட் பேர்டு இயக்கிய ‘மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் ப்ரோட்டோகால்’ (2011) படத்தில் ஒரு காட்சி உண்டு. துபாய் புர்ஜ் கலீஃபாவின் உச்சி மாடிகளில் ஒன்று. ஜன்னல் கண்ணாடி இல்லை. டாம் க்ரூஸ் வெளியே இறங்கத் தயாராகிறார். கேமரா அறைக்குள்ளிருந்து மெல்ல நகர்ந்து, ஜன்னலைத் தாண்டி, அப்படியே கீழே குனிகிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடிக்கொண்டிருந்த படம், ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த இந்தப் பகுதியில் உச்சியிலிருந்து அடி வரை திரையை நிரப்புகிறது. நகரம் முழுவதும் பார்ப்பவரின் முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். இதையே அகலம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் உள்ள சாதாரண ஸ்கோப் திரையில் பார்த்தால் கட்டடத்தின் அழகு தெரியும், வயிறு கலங்காது.

ஆனால் ஐமேக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் பல தரம் இருக்கிறது. உச்சத்தில் இருப்பது ஃபிலிம் ஐமேக்ஸ். அதன் திரை 1.43:1 என்ற விகிதத்தில் கிட்டத்தட்ட சதுரமாக நிற்கும். 2008 வாக்கில் மல்டிப்ளெக்ஸ்களுக்குள் வந்த டிஜிட்டல் ஐமேக்ஸ் அதை 1.90:1 ஆகக் குறைத்து, இரண்டு 2கே செனான் புரொஜெக்டர்களை வைத்தது. அதற்குப் பின் வந்தது 4கே லேசர். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 70 அடித் திரையில் 2கே படம் விழுந்தால் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலம். முன்வரிசையில் உட்கார்ந்தால் எழுத்துகளின் ஓரம் படிக்கட்டாகத் தெரிவது அதனால்தான். 4கே-யில் அது பாதியாகிவிடும்.

தென்னிந்தியாவில் ஃபிலிம் ஐமேக்ஸின் ருசியைக் காட்டியது ஹைதராபாத் பிரசாத்ஸ். 2003-இல் திறந்த அந்த அரங்கம் பின்னாளில் ஐமேக்ஸ் பெயரையே விட்டுவிட்டு, தன் சொந்தப் பெருந்திரையோடு ஓடுகிறது. 2023-இல் கிறிஸ்டோபர் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ ஐமேக்ஸ் ஃபிலிம் பிரதியாக உலகம் முழுவதும் 30 அரங்குகளில் மட்டுமே ஓடியது. ஒரு பிரதியின் நீளம் சுமார் 18 கிலோமீட்டர், எடை சுமார் 270 கிலோ. அந்த 30-இல் இந்திய அரங்கு ஒன்றுகூட இல்லை. சென்னை வேளச்சேரி லக்ஸிலும் வடபழனி பலாஸோவிலும், லேசர் ஐமேக்ஸ் உள்ள கோவை பிராட்வேயிலும் ரசிகர்களுக்குக் கிடைப்பது டிஜிட்டல் ஐமேக்ஸ்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022-இல் ஐமேக்ஸில் வெளியான முதல் தமிழ்ப் படம் என்ற பெருமையோடு வந்தது. சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தை மெருகேற்றி ஐமேக்ஸ் திரைக்குத் தயார்செய்வதும் ஐமேக்ஸ் வெளியீடுதான், அதற்கென்றே சான்று பெற்ற கேமராவில் எடுப்பதும் ஐமேக்ஸ் வெளியீடுதான். 2.39:1 ஸ்கோப்பில் எடுத்த படத்தை அப்படியே 1.90 திரையில் போட்டால் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். ஐமேக்ஸ் விளம்பரங்களில் வரும் ‘26 சதவீதம் கூடுதல் படம்’ என்பது அந்த இடத்தையும் நிரப்பும்படி எடுத்த படங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

டால்பி சினிமா வேறு கட்சி. அதன் சொத்து இருட்டு.

சாதாரண தியேட்டரில் திரை முழுக்கக் கறுப்பாகும்போது கவனித்தால், அது கறுப்பே இல்லை, சாம்பல் என்பது தெரியும். புரொஜெக்டர் வெளிச்சத்தை முழுவதுமாக அடைக்க முடியாமல் கொஞ்சம் கசிகிறது. 2014 டிசம்பரில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் முதல் டால்பி சினிமா திறந்தபோது அந்தக் கசிவைத்தான் முதலில் அடைத்தார்கள். இரட்டை லேசர் புரொஜெக்டர், பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற கான்ட்ராஸ்ட். சாதாரண டிஜிட்டல் அரங்கில் அது இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். வெளிச்சத்திலும் அப்படியே. திரை வெளிச்சத்தை அளக்கும் ஃபுட் லாம்பர்ட் கணக்கில் வழக்கமான தரம் 14, டால்பி சினிமாவில் 31. போதாததற்கு சுவர், கூரை, இருக்கை எல்லாமே வெளிச்சத்தை விழுங்கும் கரிய நிறம். ஸ்பீக்கர்கூடக் கண்ணில் படாது.

இரவுக் காட்சிகளில்தான் இதன் அருமை புரியும். ‘கைதி’ போல ஒரே இரவில் நடக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். காட்டுப் பாதை, லாரியின் ஹெட்லைட், அதைத் தாண்டினால் இருள். லேம்ப் மங்கிய பழைய புரொஜெக்டரில் அந்த இருள் ஒரே சாம்பல் போர்வையாகிவிடும். கறுப்பு கறுப்பாகவே இருக்கும் திரையில், ஹெட்லைட் வெளிச்சம் எங்கே தேய்ந்து மறைகிறது என்ற விளிம்பு வரை கண் போகும். ஒளிப்பதிவாளர் பட்ட பாடு அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

இந்தியாவின் முதல் டால்பி சினிமா 2025-இல் புனேயின் சிட்டி பிரைடில் திறந்தது. அடுத்து வருவதாக அறிவித்த ஊர்களின் பட்டியலில் திருச்சியும் உண்டு.

ஒலிக்கு வந்தால் தமிழ் ரசிகனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1986-இல் ‘மாவீரன்’ 70 எம்எம், ஆறு ட்ராக் ஸ்டீரியோவோடு வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் டால்பி அட்மாஸ் மிக்ஸிங் 2012-இல் ‘சிவாஜி 3டி’க்கு நடந்தது. அடுத்த ஆண்டே ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி ஒலியோடு போட்டிக்கு வந்தது. அந்தப் போட்டியில் பிழைத்து நிலைத்தது அட்மாஸ்.

பழைய 5.1 அமைப்பில் இடது சுவரிலுள்ள அத்தனை ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தைத்தான் எழுப்பும். அட்மாஸில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனி ஆள். 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியாக இயக்கலாம், 128 ஒலித்தடங்கள் வரை கையாளலாம். ‘கிராவிட்டி’யின் (2013) தொடக்கத்தில் விண்வெளி வீரர்களின் குரல்கள் திரையிலிருந்து நழுவி, பக்கச் சுவரில் ஊர்ந்து, பின்னால் போய், மறுபக்கம் திரும்பி வரும். ஆள் எங்கே மிதக்கிறாரோ அங்கே குரல். கூரை ஸ்பீக்கர் இல்லாத அரங்கில் இந்த நடமாட்டத்தில் பாதி காணாமல் போகும்.

ஐமேக்ஸ் அட்மாஸைத் தொடுவதில்லை, தன் சொந்த 12 சேனல் ஒலியை வைத்திருக்கிறது. இட நுணுக்கத்தில் அட்மாஸ் ஒரு படி மேலே. ஐமேக்ஸின் வலிமை வேறு. ‘ஓப்பன்ஹைமர்’ அணுகுண்டுச் சோதனையில் முதலில் வெளிச்சம் மட்டும் வரும். மூச்சுச் சத்தம் தவிர எதுவும் கேட்காது. வெகுநேரம் கழித்து ஓசை வந்து மோதும்போது, நல்ல ஐமேக்ஸில் அதைக் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு வாங்கிக்கொள்ளும்.

எல்இடி திரை இன்னொரு பாதை. 2017-இல் சியோலில் சாம்சங் முதல் எல்இடி அரங்கைத் திறந்தது. புரொஜெக்டரே இல்லாததால் கறுப்பு கச்சிதம், வெளிச்சம் அபாரம். சிக்கல் ஒலியில் வரும். வழக்கமான திரையில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான பொடித் துளைகள் இருக்கும். நடிகரின் குரல் அவர் வாயிலிருந்தே வருவது போல இருப்பதற்குக் காரணம், திரைக்குப் பின்னால் நிற்கும் ஸ்பீக்கர் அந்தத் துளைகள் வழியாகப் பேசுவதுதான். பெரும்பாலான எல்இடி பலகைகளுக்குப் பின்னால் அதை வைக்க வழியில்லை. திரையைச் சுற்றி வைத்துச் சமாளிக்கிறார்கள். நாற்காலியை ஆட்டித் தண்ணீர் தெளிக்கும் 4டிஎக்ஸைப் படத் தரக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது ராட்டினத்தின் கிளை.

இத்தனைக்கும் மேலே பராமரிப்பு இருக்கிறது. டால்பி ஒலிக் கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் 7 என்ற எண்தான் மிக்ஸிங் அறையில் வைத்த அளவு. ‘சத்தம் அதிகம்’ என்று யாரோ சொன்னதற்காக அதை 5-க்கும் அதற்குக் கீழும் இறக்கி ஓட்டும் அரங்குகள் ஏராளம். 7-க்காகச் செய்த வசனம் 5-இல் முணுமுணுப்பாகக் கேட்கும். பழி ஒலிப்பொறியாளர் தலையில் விழும். ஐமேக்ஸ் இந்த விஷயத்தில் கறார். அரங்குக்குள்ளேயே மைக் வைத்துத் தினமும் ஒலியைச் சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு, கனடாவிலிருந்தே கண்காணிக்கிறார்கள். அந்தப் பெயருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இந்த ஒழுங்குக்குத்தான்.

ஆகவே தேர்வு சுலபம். ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த படமென்றால் ஐமேக்ஸ், அதிலும் லேசர் இருக்கும் இடம். பெரும்பாலான தமிழ்ப் படங்களைப் போல ஸ்கோப்பில் எடுத்து அட்மாஸில் மிக்ஸ் செய்த படமென்றால், நன்றாகப் பராமரிக்கும் அட்மாஸ் அரங்கே ஐமேக்ஸை விட நியாயமான செலவு. இரவும் நிழலும் நிறைந்த படத்துக்கு டால்பி சினிமா எட்டும் தூரத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 3டி கண்ணாடி பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால், 3டி என்றால் லேசர் அரங்கு மட்டும். எங்கே போனாலும் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு இருக்கையைப் பதிவு செய்யுங்கள். ஒலியை அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் இடைவேளையில் மேனேஜரிடம் போய் ஃபேடர் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள்.