ஆற்றங்கரைப் படங்களில் ஆள் இல்லை

கட்டடங்களைப் படம் பிடிப்பது அரசியலற்ற காரியம் என்று நமது புகைப்படக்காரர்கள் நம்புகிறார்கள். கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் சாதி ஏது என்பது அவர்கள் வாதம். ஞாயிறு காலையில் கூவத்தை ஒட்டிக் கூட்டமாக நடந்து படம் எடுக்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நேப்பியர் பாலத்தின் வில் வளைவுகள். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக அதே பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறிய கோலம். 2010இல் தலைமைச் செயலகமாகத் திறந்து 2014இல் மருத்துவமனையாகிவிட்ட ஓமந்தூரார் வளாகம். வெளிச்சமும் கோணமும் நேர்த்திதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் படத்தில் ஆத்துக்கு நாத்தம் இல்லை. கரையில் ஆளும் இல்லை. கரை ஏன் காலியா கெடக்குது? அந்தச் சனங்க எங்க போனாங்க?

தீவுத்திடல் அருகே, கூவக் கரையில், சத்தியவாணி முத்து நகர் இருந்தது. தமிழகத்திலும், 1979இல் மத்தியிலும் அமைச்சராக இருந்த தலித் தலைவரின் பெயர் அது. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி 2019 டிசம்பரில், பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிற நேரத்தில், வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். சனங்களை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

மறைப்பில்லாத காட்சி என்று புகைப்படக்காரர் ரசிப்பது இப்படி இடித்துக் கிடைத்த வெட்டவெளியைத்தான். கேமரா யாரையும் விரட்டவில்லை. விரட்டி முடித்த இடத்துக்கு வந்து அழகு என்று பெயர் வைக்கிறது.

நவீனக் கட்டடக் கலைதான் வேண்டுமென்றால் பெரும்பாக்கம் வரட்டும். அச்சில் வார்த்தாற்போல வரிசை வரிசையாக எட்டு மாடி அடுக்குகள். சேரியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி. ஒழுங்கு, வடிவம், நிழல் எல்லாம் உண்டு. ஆனாலும் நான் பார்த்த படங்களில் ஒன்றுகூட அங்கே எடுத்ததில்லை.

எங்கள் வறுமையைப் படம் பிடிக்க வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அழுமூஞ்சிப் படங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு எடுத்தாயிற்று. கேட்பது இதுதான்: படத்தின் கீழே பாலம் கட்டிய ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கரையில் யார் இருந்தார்கள், எந்த ஆண்டில் இடித்தார்கள், எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

நீங்கள் எழுதாவிட்டாலும், பெரும்பாக்கத்துப் பிள்ளைகள் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்து எடுக்கிற படத்தில் பாலம் பின்னால் தள்ளி நிற்கும். முன்னால், “எங்க வூடு இங்கதான் இருந்துச்சு” என்று ஓர் அம்மா கைநீட்டிக் காட்டுவாள்.