யானைக் கோபுரம் ஏறிய வெளியூரான்

நகரத்திலேயே மோசமான சாராயக் கடை. வடக்கே மலைநாட்டிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் அங்கே இருக்கிறான். நகரத்து மொழி அவனுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்த உடனே வெளியூரான் என்று பிடிபட்டுவிடுவான். மந்திரவாதி ஒருவனின் கோபுரத்தைப் பற்றியும் அதற்குள் இருக்கும் ரத்தினத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. அப்படியென்றால் இன்னும் ஏன் ஒருத்தரும் அதைத் திருடவில்லை என்று அவன் வெள்ளந்தியாகக் கேட்கிறான். கடையே சிரிக்கிறது. அன்றிரவே அவன் கோபுரம் ஏறப் போய்விடுகிறான்.

ரொபேட் ஈ. ஹொவார்ட் எழுதிய ‘யானைக் கோபுரம்’ இப்படித்தான் தொடங்குகிறது. 1933 மார்ச் மாத ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த கதை. அந்த இளைஞன்தான் கோனன். சினிமாவில் பார்த்த தசைமலையை மறந்துவிட்டு வாசியுங்கள். கதையில் வருகிறவன் பசித்தவன், கூர்மையானவன், பூனை மாதிரி நடக்கிறவன்.

அவன் தோட்டத்துச் சிங்கங்களைக் கடக்கிறான், மண்டபத்தில் ராட்சதச் சிலந்தியோடு மல்லுக்கட்டுகிறான், கடைசியில் உள்ளறைக் கதவைத் திறக்கிறான். பளிங்குக் கட்டிலில் பச்சை உடம்பும் யானைத் தலையுமாக ஒன்று இருக்கிறது. சிலை என்று நினைக்கிறான். தும்பிக்கை அசைகிறது. காற்றைத் துழாவித் துழாவி அவன் பக்கம் நீள்கிறது. அதற்குக் கண் தெரியாது. பார்வையில்லாத அந்தக் கண்களிலிருந்து நீர் வடிகிறது. கைகால் முழுக்கச் சித்திரவதைத் தழும்புகள். வேறொரு கிரகத்திலிருந்து வந்து, ஒரு காலத்தில் தெய்வமாகக் கும்பிடப்பட்டு, பிறகு தான் வித்தை சொல்லிக்கொடுத்த மந்திரவாதியிடமே அடிமையாகக் கிடக்கும் உயிர் அது. பிள்ளையாரைக் கும்பிடாமல் பள்ளிக்கூடம் போகாத வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திருட வந்தவனின் பயம் அப்படியே இரக்கமாக மாறுகிறது. மனித குலம் செய்த பாவத்துக்கெல்லாம் தான் பொறுப்பென்பது போல அவன் தலைகுனிந்து நிற்கிறான். மலிவு விலை மாத இதழொன்றில், பேய்க் கதைகளுக்கும் பூதக் கதைகளுக்கும் நடுவே, இப்படி ஒரு பக்கம்! ஹொவார்டுக்கு அப்போது வயது 27.

டெக்சாஸில் குரொஸ் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு அவர் தட்டச்சு செய்தார். முதல் கோனன் கதை 1932 டிசம்பரில் வந்தது. 1936 ஜூனில் அவர் இறந்துவிட்டார், 30 வயதில். இடையில் நான்கு வருடம்கூட முழுசாக இல்லை. அதற்குள் ‘வியர்ட் டேல்ஸ்’ 17 கோனன் கதைகளைப் பெற்றுக்கொண்டது. கோனன் நாவல் என்றால் ‘டிராகனின் நேரம்’ ஒன்றுதான், அதுவும் தொடராக வந்தது. இவ்வளவு சின்னக் கையிருப்பிலிருந்து இவ்வளவு பெரிய வம்சம் கிளைத்திருக்கிறது.

இந்த வகைக் கதைகளுக்கு ‘வாளும் மந்திரமும்’ என்ற பெயரை 1961இல் கொடுத்தவர் ஃபிரிட்ஸ் லைபர். மைக்கேல் மூர்கொக் பெயர் கேட்க, லைபர் கொடுத்தார். இரண்டு பேருமே இந்தக் கலையின் பெரும் கைகள். லைபரின் ஃபாஃபர்ட் பனிநாட்டு முரடன், அவனுடைய கூட்டாளி ‘சாம்பல் எலியான்’ பட்டணத்துச் சந்துகளின் வாள்காரன், கொஞ்சம் மந்திரமும் கற்றவன். லாங்க்மார் நகரத்தின் புகைபிடித்த தெருக்களில் இவர்கள் இருவரும் குடித்து, திருடி, சண்டை பிடித்து, ஒருவருக்காக ஒருவர் அழும் கதைகளை லைபர் 1939 முதல் பல பத்தாண்டுகள் எழுதினார். இருவரும் கூட்டாளியான கதையைச் சொல்லும் குறுநாவல் 1970இல்தான் வந்தது, ஹியூகோ, நெபுலா இரண்டு விருதையும் வாங்கியது. மூர்கொக்கின் எல்ரிக் நேர் எதிர். வெளிறிய தோல், நோஞ்சான் உடம்பு, பேரரசின் கடைசி வாரிசு. அவன் கையில் இருக்கும் கறுப்பு வாள் வெட்டுப்பட்டவர்களின் உயிரைக் குடித்து அவனுக்குப் பலம் தருகிறது, அவன் நேசிக்கிறவர்களையும் விட்டுவைப்பதில்லை. வாள் வீரனுக்குச் சொந்தமா, வீரன் வாளுக்குச் சொந்தமா என்ற சந்தேகத்திலேயே நாவல்களை நகர்த்திக்கொண்டு போகிறார் மனுஷன். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1934இல், சி. எல். மூர் என்ற பெண் ஜிரெல் என்ற செந்தலைக் கோட்டைத் தலைவியைப் படைத்துவிட்டார். தன்னை வென்றவனைப் பழிவாங்க ஆயுதம் தேடி, கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தால் இன்னோர் உலகத்துக்கு இறங்குகிறாள் ஜிரெல். அந்த இறக்கத்தைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

மாயப் புனைவு என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் டோல்கீனைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர் கதையில் உலகமே அழியப் போகிறது, அரியணைக்கு உரிய வம்சத்தான் திரும்பி வர வேண்டும். நம்முடைய சரித்திர நாவல்களிலும் வீரன் பெரும்பாலும் இளவரசன், இல்லாவிட்டால் இளவரசனின் நண்பன். எல்ரிக் போன்ற சிலரை விட்டால், வாளும் மந்திரமும் கதையில் நாயகனின் பாட்டன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவன் இன்றைய இரவைத் தாண்ட வேண்டும், நாளைக்குச் சாப்பாட்டுக்குக் காசு வேண்டும். தெரியாத நகரம், புரியாத சட்டம், அதிகாரத்தில் இருக்கிறவன் எல்லாம் மந்திரவாதி. மந்திரம் அங்கே நல்லவர்களுக்கு உதவும் கருவியாக இருப்பதில்லை. தொட்டவனைத் தின்றுவிடும், விலை கேட்கும். அதை எதிர்த்து நிற்க அவனிடம் இருப்பது கையும் காலும் கொஞ்சம் மூளையும்தான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு இந்தக் கதைகளை வாசிக்கிற ஒரு தமிழனுக்கு இதெல்லாம் அந்நியமாகவா இருக்கும்? எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் இங்கே வந்து இறங்கி, வாயைத் திறந்தவுடன் வெளியூரான் என்று பிடிபட்டு, இரவு வேலைக்குப் போய், இந்த நகரத்தின் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தோம்! அந்தச் சாராயக் கடைச் சிரிப்பு எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்த இலக்கியம் புலம்பெயர்ந்தவனின் இலக்கியம். எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதினார்களோ தெரியாது, நான் அப்படித்தான் வாசிக்கிறேன், வாசிக்க வாசிக்க அது உறுதியாகிறது.

இதை வாசிக்க ரொறன்ரோவை விடச் சிறந்த ஊரும் இல்லை. கென்னடியில் சுரங்க ரயில் ஏறி, ஸ்படைனாவில் இறங்கி, தெற்கே போகும் ஸ்ட்ரீட்காரைப் பிடித்து கொலிஜ் வீதியில் இறங்குங்கள். கிழக்குப் பக்கம் கொஞ்சம் நடந்தால் 239ஆம் இலக்கம், லிலியன் எச். ஸ்மித் நூலகம். வாசலின் இரண்டு பக்கமும் சிறகு முளைத்த வெண்கல மிருகங்கள், கோயில் வாசல் யாளிபோல உட்கார்ந்திருக்கும். மூன்றாம் மாடிக்குப் போங்கள். அங்கேதான் மெரில் தொகுப்பு இருக்கிறது. அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் பொது நூலகமொன்று வைத்திருக்கும் உலகின் பெரிய தொகுப்புகளில் ஒன்று.

இதைத் தொடங்கியவரும் வெளியூர்க்காரிதான். ஜூடித் மெரில், பொஸ்டனில் பிறந்த எழுத்தாளர், தொகுப்பாசிரியர். வியட்நாம் போர்க்கால அமெரிக்கா வெறுத்துப்போய் 1968இல் ரொறன்ரோவுக்கு வந்தார். 1970இல் தன்னிடமிருந்த ஏறக்குறைய 5,000 புத்தகங்களையும் இதழ்களையும் ரொறன்ரோ பொது நூலகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இன்று அது 80,000ஐத் தாண்டி வளர்ந்திருக்கிறது. வீட்டை விட்டு வந்த ஒருத்தர், வந்த ஊருக்குத் தன் புத்தக அலுமாரியையே எழுதிவைப்பது என்றால்! எனக்கு அந்த அம்மாவை நினைத்தாலே கைகூப்பத் தோன்றும்.

அங்கே இருக்கும் பெரும்பாலான புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கேட்டால் நூலகர் உள்ளே போய் எடுத்து வந்து மேசையில் வைப்பார். 1930களின் பல்ப் இதழ் ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கு விரல் நடுங்கியது. மரக்கூழில் செய்த மட்டமான தாள், தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிட்டது. ஓரத்தை அழுத்திப் பிடித்தால் செதில் செதிலாக உதிரும், அதனால் பக்கத்தின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கித் திருப்ப வேண்டும். பழைய பெட்டகத்தைத் திறந்த வாசம். இரண்டு பத்தியாக நெருக்கி அச்சடித்த எழுத்து, கடைசிப் பக்கங்களில் உடம்பு தேற்றும் விளம்பரம். வாசித்துவிட்டு எறியத்தான் இதை அச்சடித்தார்கள். எறியாமல் வைத்த யாரோ ஒருவரின் புண்ணியத்தில் நான் வாசிக்கிறேன்.

அங்கிருந்து வடக்கே கால்மணி நேர நடையில் 84, ஹார்போர்ட் வீதி. பாக்கா-ஃபீனிக்ஸ் புத்தகக் கடை. 1972இல் குயீன் வீதியில் தொடங்கி, இடம் மாறி மாறி இங்கே வந்து சேர்ந்த கடை. தான்யா ஹஃப், ரொபேட் சோயர், கோரி டொக்டரோ போன்ற எழுத்தாளர்கள் ஒரு காலத்தில் இந்தக் கடையில் வேலை பார்த்தவர்கள். இங்கே ஒருவரிடம் எல்ரிக் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் வந்த காரியத்தை மறந்துவிடுவீர்கள். பக்கத்திலேயே ரொறன்ரோப் பல்கலைக்கழகம். கை கவ்ரியல் கேயின் ‘ஃபியோனவார்’ மூன்று நாவல்களில் ஐந்து மாணவர்கள் மாய உலகுக்குப் போவது அந்த வளாகத்தில் தொடங்குகிறது. அது டோல்கீன் வழி வந்த காவியம், என் கட்சி இல்லை, என்றாலும் நான் தினமும் கடக்கும் கட்டடமொன்று நாவலில் வந்தால் விடுவேனா?

ஆனால் கனடாவோடு சேர்த்து நான் நெஞ்சில் வைத்திருக்கும் பெயர் சார்ல்ஸ் சாண்டர்ஸ். பென்சில்வேனியாவில் 1946இல் பிறந்த கறுப்பர். வியட்நாம் போருக்கு ஆள் பிடித்த காலத்தில், 1969இல், கனடாவுக்கு வந்தார். ஹொவார்டின் கதைகள் அவருக்கு உயிர், அந்தக் கதைகளில் கறுப்பர்களைக் காட்டிய விதமோ அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குறை உண்மையானது. நான் இவ்வளவு கொண்டாடும் ஹொவார்டின் பக்கங்களில் இனவெறி இருக்கிறது, அந்த இடங்களில் எனக்கும் வலிக்கிறது. சாண்டர்ஸ் அதற்குப் பதிலாக இமாரோவைப் படைத்தார். நியும்பானி என்ற கற்பனை ஆப்பிரிக்கா, கால்நடை மேய்க்கும் வீரக்குலம், அதற்குள் அந்நியனுக்குப் பிறந்தவன் என்று ஒதுக்கப்பட்டு வளரும் ஒரு சிறுவன். அந்த ஒதுக்கலின் வலியை ஹொவார்டும் லைபரும் இவ்வளவு நெருங்கித் தொட்டதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முதல் கதைகள் வந்தது நம்முடைய ஒன்ராறியோவில், கனனோக்வே என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து ஜீன் டே நடத்திய ‘டார்க் ஃபேன்டசி’ என்ற சிற்றிதழில். ‘இமாரோ’ புத்தகமாக வந்தது 1981இல். சாண்டர்ஸ் தொடங்கிய வழியில் இன்று ஆப்பிரிக்க மரபை வைத்து எழுதும் ஒரு தலைமுறையே இருக்கிறது. 2020இல் நோவா ஸ்கோஷியாவில் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்கூட இருக்கவில்லை. பிறகு நண்பர்களும் வாசகர்களும் பணம் சேர்த்துக் கல் நட்டார்கள். வீரனைப் பாடியவனுக்கு நடுகல்!

இந்தக் கதைகள் எங்கெங்கே போய்ப் புகுந்திருக்கின்றன என்று தேடுவதே ஒரு போதை. 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை எடுங்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், தன்னைத் தூண்டிய புத்தகங்களின் பட்டியலை 1979இல் விதிநூலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டார். ஹொவார்ட், லைபர், மூர்கொக், ஜாக் வான்ஸ் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். மந்திரத்தை மனப்பாடம் செய்துவைத்து, ஒரு தடவை பிரயோகித்தால் அது மனதிலிருந்து அழிந்துபோகும் என்ற விதி வான்ஸின் ‘சாகும் பூமி’யிலிருந்து வந்தது. ஒருமுறை என் மருமகன் நண்பர்களோடு மேசையைச் சுற்றியிருந்து விளையாடிக்கொண்டிருந்தான். மந்திரம் தீர்ந்துவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று அலுத்துக்கொண்டான். அது 1950இல் வந்த புத்தகத்து விதியடா என்றேன்.

“மாமா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?”

“விளையாட்டை முடிச்சிட்டு வா, புத்தகத்தைத் தாறன்.”

வாங்கிக்கொண்டு போனான், இன்னும் திருப்பித் தரவில்லை. அந்த விளையாட்டின் விதிகளை வைத்து எட்மன்டனில் பயோவேர் நிறுவனம் 1998இல் செய்த ‘பால்டர்ஸ் கேட்’ கணினி விளையாட்டை உலகமே விளையாடியது. ஃபிராங்க் ஃப்ரசெட்டா 1960களில் கோனன் புத்தகங்களுக்கு வரைந்த அட்டைகளிலிருந்து எத்தனை சினிமா, எத்தனை பாட்டு இசைத்தட்டு உறைகள் பிறந்தன! கிச்சனரில் டேவ் சிம் 1977இல் கோனன் காமிக்ஸைக் கேலிசெய்யத் தொடங்கிய ‘செரிபஸ்’ 300 இதழ் ஓடி 2004இல்தான் முடிந்தது. கேலிசெய்ய வந்தவனுக்கும் 300 இதழுக்குச் சோறு போட்ட கதை இது.

நமக்கு இந்த ருசி புதிதா என்றால், இல்லவே இல்லை. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்தப் படம் யாருக்கு மறக்கும்? உருவிய வாள் ஒரு கையில், தோளில் பிணம், சுடுகாட்டு இருட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். அதைவிடச் சுத்தமான வாளும் மந்திரமும் எங்கே இருக்கிறது? காடாறு மாதம், நாடாறு மாதம் என்று அரண்மனையை விட்டுக் கிளம்பிவிடும் ராஜா அவன். 1951இல் வந்த ‘பாதாள பைரவி’ படமோ இன்னும் ஒருபடி மேல். தோட்டக்காரன் மகன் ஒருவன், இளவரசியைக் கட்ட வேண்டுமென்றால் செல்வம் கொண்டுவா என்கிறார்கள், மந்திரவாதியோடு குகைக்குள் இறங்குகிறான். அந்த மந்திரவாதியாக ரங்காராவ் நிற்கும் நிற்பைப் பாருங்கள்! ஹொவார்ட் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

யாராவது எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ‘யானைக் கோபுரம்’, ஒரே இரவில். பிறகு லைபரின் லாங்க்மார் கதைகளில் நண்பர்கள் சந்திக்கும் அந்தக் குறுநாவல். பிறகு ஜிரெல் சுரங்கத்தில் இறங்கும் கதை, தனியாக, விளக்கைப் போட்டுக்கொண்டு. எல்ரிக்கை அதற்குப் பிறகு எடுங்கள், அவசரப்படாமல். ‘இமாரோ’வைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் மற்ற நாலையும் வாசித்த பிறகுதான் சாண்டர்ஸ் எதற்குப் பதில் சொல்கிறார் என்று முழுசாகப் பிடிபடும். கிடைக்காத புத்தகத்துக்குக் கொலிஜ் வீதி மூன்றாம் மாடி இருக்கிறது. உள்ளே போக ஒரு சதமும் கேட்கமாட்டார்கள்.