மனைக்கணக்கும் மன்னன் கணக்கும்

மகளிர்க்கெனத் தமிழ் இதழ்கள் வெளியிடும் பண அறிவுரைகளைத் தமிழாசிரியர் பொருட்படுத்துவதில்லை. ஆடவரோ படிப்பதே இல்லை. வட்டியையும் தவணையையும் எளிய தமிழில் சொல்லும் அவ்வெழுத்து யாவர்க்கும் பயன்படுவதே. எனினும் அதில் பெருங்குறை ஒன்று உண்டு.

வாழ்க்கைத் துணைநலத்தின் முதற்குறள், கொண்டவன் வளத்துக்குத் தக வாழ்பவளே துணை என்கிறது. அவ்வாழ்க்கையாவது, முதலை அறிந்து அதற்கு ஏற்பச் செலவிடுதல் என்று பரிமேலழகர் விளக்குவார். அறிதல் முன்னது, அளவிடல் பின்னது. நம் அறிவுரையாளர் பலர் பின்னதை மட்டும் பற்றிக்கொண்டனர். கணவனின் சம்பளச் சீட்டைக் கண்டிராதவளிடம் ‘வரவுக்குள் செலவு செய்’ என்பது, பானையிலுள்ள அரிசியைக் காட்டாமல் திங்கள் முழுதும் அளந்து பொங்கு என்பது போலாம்.

வரவு சிறிதாயினும் செலவு விரியாதவரை கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வேந்தனுக்கு வைத்தார். முதலுக்கு மிஞ்சிய செலவால் வரும் கேட்டை ஔவையார் நல்வழியில் எல்லார்க்கும் பொதுவாக உரைத்தார். ஆகவே இஃது அடுக்களைச் சிக்கனம் மட்டும் அன்று. ஆள்வோர்க்கும் உரிய கல்வி.

அன்று தோட்டத்து லயங்களிலும் இன்று பிறைத் தொழிற்சாலைகளிலும் நம் மகளிர் அறிந்த கூட்டைக் காண்க. 10 பேர் திங்கள்தோறும் 100 வெள்ளி இட்டால் ஒருவர்க்கு 1,000 வெள்ளி கிட்டும். முதலில் எடுப்பவர்க்கு அது வட்டியில்லாக் கடன். இறுதியில் எடுப்பவர்க்கு வட்டியில்லாச் சேமிப்பு. கூட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் இழப்பு பின்னவர்க்கே. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ‘சேமியுங்கள்’ என்று சொல்லி நிறுத்தும் அறிவுரை இவற்றைக் கற்பிப்பதில்லை. திங்களுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் 1,000 வெள்ளி வாங்கியவள், ஓராண்டில் 1,200 வெள்ளி வட்டி கட்டிய பின்னும் முதல் குறையாமல் நிற்பதை யார் அவளுக்குக் கணக்கிட்டுக் காட்டினர்?

1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதியில் கணவன் பெயரில் எவ்வளவு உளது, தனக்குப் பின் அதனைப் பெறுவார் யாரெனக் குறித்துள்ளானா என்பவையும் அவள் அறிய வேண்டிய முதலே. இவ்வினாக்களைக் கேட்கத் துணிவு தராத அறிவுரை, நல்லெண்ணம் உடையதாயினும், அரைகுறைப் பாடமே ஆகும்.

ஆசிரியப் பெருமக்கள் இக்குறளை நடத்தும்போது, கற்பனைச் சம்பளச் சீட்டு ஒன்றைக் கரும்பலகையில் எழுதுக. பிடித்தம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று மாணவியரோடு மாணவரையும் கணக்கிடச் செய்க. நாளை இல்லத்தில் முதலைக் காட்ட வேண்டியவர் அம்மாணவரும் அன்றோ?